“ஒதுக்கி வைத்தாலும் சரி” என்ற வரியில் என் வாய் நின்றுவிட்டது

கல்லடிக்கரை · ஞாயிறு இரவு 9.20

எல்லோருக்கும் ஸ்தோத்திரம். இதை யாரிடம் கேட்பது என்று தெரியாமல் இங்கே எழுதுகிறேன், கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

இன்று எங்கள் கோயிலில் உடன்படிக்கை ஆராதனை. மெதடிஸ்ட் சபையில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும், வருடத்தின் முதல் ஞாயிறு எல்லோரும் எழுந்து நின்று, நான் இனி எனக்குச் சொந்தமில்லை, உமக்குச் சொந்தம் என்று சேர்ந்து சொல்லுவோம். சின்ன வயதிலிருந்து சொல்லி வருகிறேன், ஒரு நாளும் நின்று யோசித்ததில்லை. இந்த முறை, உமக்காக வேலையில் வைத்தாலும் சரி, உமக்காக ஒதுக்கி வைத்தாலும் சரி என்ற கருத்தில் ஒரு வரி வரும், அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்றவர்கள் சொல்லிக்கொண்டே போனார்கள். நான் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எனக்கு வயது 34. பட்டம் முடித்து ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருந்தேன், ஒருமுறை நேர்முகம் வரைக்கும் வந்தது. அந்தக் கிழமைதான் அம்மாவுக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்தது. அண்ணன் கட்டாரில். அப்பா இல்லை. நாலு வருடமாக நான்தான் பார்க்கிறேன், இடையில் தையல் மெசினை வைத்து வரும் காசில் வீடு ஓடுகிறது. இப்போது பள்ளிச் சீருடைக் காலம், வெள்ளைத் துணி வீடு முழுக்கக் கிடக்கிறது.

வாலிபர் ஐக்கியத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு முகாமிலும், ஆண்டவர் உன்மேல் பெரிய நோக்கம் வைத்திருக்கிறார் என்று சொல்லி அனுப்பினார்கள். முழு மனதோடு நம்பினேன். அந்த நோக்கத்துக்கு மனதைத் திறந்து வைத்துக்கொண்டிரு என்றார்கள், திறந்து வைத்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் விடிய நாலரைக்கு எழுந்து அம்மாவைத் துடைத்து, திருப்பிப் படுக்க வைத்து, கஞ்சி வைத்து, பொத்தான் கட்டி, இரவு பத்துக்குப் படுக்கிற ஒருத்திக்கு அந்த நோக்கம் எந்த வழியால் வரும் என்று எனக்கு விளங்கவில்லை. நான் ஒதுக்கி வைக்கப்பட்டுவிட்டேனா? அப்படியென்றால் அதற்கு ‘சரி’ என்று எப்படிச் சொல்வது?


பாண்டிருப்புத் தம்பி · ஞாயிறு இரவு 9.48

அக்கா சோர்ந்து போகாதீர்கள்! எரேமியா 29:11 எடுத்து வாசியுங்கள், உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு என்று ஆண்டவரே சொல்லியிருக்கிறார். நான் ஓ.எல். எழுதின காலத்திலிருந்து அந்த வசனத்தைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன், வீட்டுக் கலண்டரிலும் அதுதான்.

என் அனுபவத்தைச் சொல்கிறேன். வேலைக்காக 21 நாள் உபவாசம் இருந்து ஒரு அடையாளம் கேட்டேன், 19ஆம் நாள் கல்முனையில் ஒரு கடையிலிருந்து ஆள் தேவை என்று அழைப்பு வந்தது. நீங்களும் திட்டமாக ஒன்றைக் கேளுங்கள். பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். ஒருவேளை தடை ஏதும் இருக்கலாம், அறிக்கை செய்யாத காரியம் ஏதாவது இருந்தால் அதையும் ஆராய்ந்து பாருங்கள். உங்களுக்காக ஜெபிக்கிறேன் அக்கா.


புளியந்தீவு ஓய்வாசிரியர் · திங்கள் காலை 5.55

பிள்ளை, நீர் எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன்.

முதலில் தம்பிக்கு. அன்போடு எழுதியிருக்கிறீர், அது தெரிகிறது. ஆனால் அந்த வசனம் ஒரு கடிதத்தின் நடுவில் இருக்கிறது. பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட சனங்களுக்கு எரேமியா எருசலேமிலிருந்து அனுப்பின கடிதம் அது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்று ஒருவன் வந்து, இரண்டு வருடத்தில் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்கிறான், சனங்களுக்கு அது இனித்திருக்கும். எரேமியா எழுதினது 70 வருடம். அப்படியென்றால் கடிதத்தை வாசித்த பெரியவர்களில் அநேகர் திரும்பி ஊரைப் பார்க்கப் போவதில்லை. அவர்களுக்குச் சொன்னது என்ன? வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போட்டு அதன் கனியைச் சாப்பிடுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். பதினோராம் வசனத்தை இந்த வசனங்களிலிருந்து வெட்டி எடுத்துக் கலண்டரில் ஒட்டினால் அது அனனியாவின் பேச்சாக மாறிவிடும்.

மற்றது, தாயைத் தூக்கித் துடைக்கிற ஒரு பிள்ளையிடம் உன் பாவம் என்ன என்று கேட்கவேண்டாம் தம்பி. யோபுவின் சினேகிதர் செய்ததும் அதுதான்.

இனி அந்த வரி. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கின ஜோன் வெஸ்லி 1755இல் லண்டனில் இந்த உடன்படிக்கை ஆராதனையை முதல்முறை நடத்தினார். பழைய பியூரித்தான் போதகர்களிடமிருந்து எடுத்த சொற்கள் அதில் நிறைய. வேலையில் வைப்பது, ஒதுக்கி வைப்பது, இரண்டுக்கும் முன்னால் ‘உமக்காக’ என்ற ஒரே சொல்தான் நிற்கிறது. இதை நான் நாற்பது வயது தாண்டித்தான் கவனித்தேன். ஒதுக்கி வைக்கப்பட்டவனும் அவருடைய கையில்தான் இருக்கிறான், அவர் கைவிட்டவன் அல்ல.

எங்கள் ஊர்க் கதையையே எடுத்துக்கொள்ளும். தோமஸ் கோக் என்ற பெரியவர் ஆசியாவுக்கு மிஷனரிகளைக் கொண்டுவர வேண்டும் என்று வருடக்கணக்காகப் பாடுபட்டு, முதிர்ந்த வயதில் 1813 கடைசியில் இளைஞர் சிலருடன் கப்பல் ஏறினார். 1814 மே மாதம் ஒரு காலையில் தன் அறையில் இறந்து கிடந்தார். இந்துமாக்கடலிலேயே அடக்கம். இலங்கைக் கரையைக் கண்ணால் காணவில்லை. அதே பயணத்தில் வில்லியம் ஓல்டின் மனைவியும் இறந்துபோனார். அந்த ஓல்ட் தனியாளாக மட்டக்களப்புக்கு வந்து, ஏறக்குறைய எட்டு மாதம் வேலை செய்து, 1815 ஏப்ரலில் அவரும் போய்விட்டார். அவர் தொடங்கின பள்ளிதான் இன்றைய மெதடிஸ்ட் மத்திய கல்லூரி. புளியந்தீவில் அவருக்குச் சிலை இருக்கிறது, அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் நான் நினைப்பது ஒன்றுதான்: சாகிற நாளில் அவருக்கு இது ஒன்றும் தெரியாது. மனைவியும் இல்லை, வேலையும் பாதியில். உம்முடைய நிலையிலிருந்து எவ்வளவு தூரம்?

வாய் நின்றது நல்லது பிள்ளை. யோசிக்காமல் சொல்லிப் போன எங்களைவிட நீர்தான் அந்த வரியை உண்மையாக வாசித்திருக்கிறீர்.


வட்டைக்காவல் · திங்கள் இரவு 11.30

யானைக் காவலுக்குப் பரணில் இருந்து போனில் எழுதுகிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். படுவான்கரைப் பக்கம், நெல் குடலைக்கு வந்து கிடக்கு, இந்த நேரம் வீட்டில் படுத்தால் விடியும்போது வயல் இருக்காது.

சேர் சொன்னதெல்லாம் சரி. நான் வேறு ஒன்று சொல்கிறேன் தங்கச்சி. திறந்து வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருக்கிறீங்கள். நாங்கள் வரம்பில் வக்கடை திறப்பம், வயலுக்குத் தண்ணி போற வாய். திறந்துவிட்டுப் போய்ப் படுக்கிற வேலை இல்லை அது. விடிய விடியப் போய்த் தண்ணி எவ்வளவு நிற்குது என்று பார்க்கவேணும், பயிர் என்ன கேட்குது என்று பார்க்கவேணும், ஒரு நாள் திறக்கவேணும், ஒரு நாள் கட்டவேணும். பசளை போட்ட அன்றைக்குத் திறந்தவன் போட்டதெல்லாத்தையும் பக்கத்து வயலுக்குக் கொடுத்தவன். ஆண்டவருக்குத் திறந்திருக்கிறது என்றால் வருகிற எல்லாத்துக்கும் தலையாட்டுகிறது என்று எங்கட ஆட்கள் நினைக்கிறார்கள், குறிப்பாகப் பொம்பிளைப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் சொல்லிக் கொடுக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை.

அதனால் நேராகவே கேட்கிறேன், கோவிக்கவேண்டாம். உங்கட அம்மாவை நீங்கள் ஒருத்தி மட்டும்தான் பார்க்கவேணும் என்று ஆண்டவர் சொன்னாரா, ஊர் சொன்னதா? அண்ணன் கட்டாரில் இருந்து மாதம் ஒரு தொகை போட்டால் கிழமைக்கு இரண்டு நாள் ஒரு ஆளை வைக்கலாம். சபையில் பெண்கள் ஐக்கியம் இருக்கிறது, கிழமைக்கு ஒரு பின்னேரம் வந்து இருக்கமாட்டார்களா? ஒரு நாளாவது கேட்டுப் பார்த்தீங்களா?

2011 தை வெள்ளத்தில் என்ர நாலு ஏக்கரும் போனது. கதிர் வந்த பயிர். அன்றைக்கு நான் ஆண்டவருடைய நோக்கம் என்ன என்று யோசித்துக்கொண்டு வீட்டுக்குள் இருந்தேன், மனிசிதான் வந்து, பள்ளிக்கூடத்தில் சனம் பசியோடு இருக்குது, கிடாரம் தூக்க ஆள் இல்லை, எழும்பு என்றா. எழும்பினேன். நோக்கம் இன்றைக்கு வரைக்கும் விளங்கவில்லை. ஆனால் பத்து நாள் சமைத்தோம்.

யானைச் சத்தம் கேட்குது. பிறகு வாறேன்.


நாவலடி_04 · செவ்வாய் இரவு 8.15

நான் இங்கே வாசிக்கிறவன் மட்டும், எழுதுவது குறைவு. ஆனால் ‘நோக்கம்’ என்ற சொல்லைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும், அதனால் எழுதுகிறேன்.

2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள். எங்கள் வீடு கடலுக்கும் வாவிக்கும் நடுவில். என் தங்கச்சிக்கு ஒன்பது வயது, நத்தாருக்குத் தைத்த சட்டையைக் கோயிலுக்குப் போடவேண்டும் என்று மறுபடியும் உடுத்திக்கொண்டு நின்றாள். என் கையில்தான் பிடித்திருந்தேன். மூன்றாம் நாள் ஒரு ஊழியக்காரர் வந்து, இதிலும் ஆண்டவருக்கு ஒரு நோக்கம் இருக்கிறது தம்பி என்றார். அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் நான் எந்தக் கோயில் வாசலும் மிதிக்கவில்லை.

ஓட்டோ ஓட்டுகிறேன். 2019 உயிர்த்த ஞாயிறு அன்று சியோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது டவுனில்தான் நின்றேன். ஞாயிறு பாடசாலைப் பிள்ளைகள். சீட் முழுக்க இரத்தத்தோடு எத்தனை தரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன் என்று எண்ணவில்லை. யாரும் என்னிடம் நோக்கம் பற்றிக் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. ஓட்டோ இருந்தது, ஓட்டினேன்.

அதற்காகத்தான் ஆண்டவர் உன்னை 2004இல் காப்பாற்றினார் என்று இங்கே யாராவது எழுதினால் நான் இந்த இழையை விட்டுப் போய்விடுவேன். தயவுசெய்து எழுதாதீர்கள். என் தங்கச்சி எதற்காகவும் கொடுக்கப்பட்ட விலை இல்லை.


புளியந்தீவு ஓய்வாசிரியர் · செவ்வாய் இரவு 10.05

தம்பி, யாரும் எழுதமாட்டோம்.

ஒன்று மட்டும் சொல்ல அனுமதியும். லூக்கா 13இல் சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசுகிறார். அவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று கேட்டு, அல்ல என்று அவரே பதில் சொல்கிறார். ஏன் விழுந்தது என்று சொல்லவில்லை. அந்தப் பதினெட்டுப் பேரை வைத்து எந்த நோக்கத்தையும் விளக்கவில்லை. அவர் விளக்காததை அந்த ஊழியக்காரர் மூன்றாம் நாளே விளக்கியிருக்கக்கூடாது. ரோமர் 8:28ஐ நாங்கள் செத்த வீடுகளில் எடுத்து வீசுகிறோம். பவுல் அங்கே நடந்தது எல்லாம் நல்லது என்று சொல்லவில்லை. ஆறு வசனத்துக்கு முன்னால் சர்வ சிருஷ்டியும் பிரசவ வேதனைப்படுகிறது என்றுதான் எழுதுகிறார், ஆவியானவரே வாக்குக்கடங்காத பெருமூச்சோடு வேண்டுதல் செய்கிறார் என்று எழுதுகிறார். பெருமூச்சுக்குப் பிறகுதான் இருபத்தெட்டாம் வசனம்.

என் வயதுக்கு நானும் பல வீடுகளில் அந்த வசனத்தை அவசரப்பட்டுச் சொல்லியிருக்கிறேன். அது என் தப்பு.


தாண்டவன்வெளித் தாதி · புதன் காலை 7.40

இரவுக் கடமை முடிந்து பஸ்ஸில் இருக்கிறேன். நாவலடி அண்ணன், உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன், இன்றைக்குப் பூசையில் உங்கள் தங்கச்சியை நினைப்பேன்.

நான் கத்தோலிக்கம். அப்பா மிக்கேல் கல்லூரியில் யூஜின் ஹேபர்ட் பாதரிடம் கூடைப்பந்து பழகினவர். பாதர் 1990 ஆகஸ்ட் 15, மாதாவின் திருநாளில், வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஒரு இளைஞருடன் திரும்பி வரும்போது காணாமல் போனார். இருவரும் திரும்பி வரவில்லை. அப்பா சாகும்வரை ஒவ்வொரு ஆகஸ்டிலும் மெழுகுதிரி கொளுத்துவார், அதற்கு ஒரு விளக்கமும் அவர் தேடவில்லை. அப்படி விளக்கம் இல்லாமலே விசுவசிக்கிற ஒரு வீட்டில்தான் நான் வளர்ந்தேன்.

கல்லடி அக்காவுக்கு எழுதத்தான் வந்தேன். யேசு சபைப் பாதர்மாரிடமிருந்து அப்பா கற்று எங்களுக்குச் சொல்லித் தந்த ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தச் சபையைத் தொடங்கின இஞ்ஞாசியார் முதலில் ஒரு போர்வீரர், 1521இல் பம்பலோனாவில் பீரங்கிக் குண்டு பட்டுக் கால் உடைந்து மாதக்கணக்காகப் படுக்கையில் கிடந்தார். ஒதுக்கி வைக்கப்பட்டவர்தான் அவரும். அந்தப் படுக்கையில்தான் தன் மனதைக் கவனிக்கப் பழகினார்: எந்த நினைப்பு வந்து போன பிறகு மனம் நிறைந்து இருக்கிறது, எது வந்து போன பிறகு காய்ந்து போகிறது என்று. பிறகு அதை நாளாந்த ஆத்தும சோதனையாகச் சொல்லிக் கொடுத்தார்.

நான் செய்வது இவ்வளவுதான். பஸ்ஸில் பத்து நிமிடம். முதலில் நன்றி சொல்வேன், பொதுவாக இல்லை, நேற்றைய நாளில் ஒன்றைப் பிடித்து. பிறகு முதல் மணியிலிருந்து கடைசி மணி வரை நடந்ததைத் திரும்பப் பார்ப்பேன். எங்கே மனம் விரிந்தது, எங்கே சுருங்கியது. நேற்று பன்னிரண்டாம் கட்டிலில் ஒரு ஆச்சி, படுவான்கரைப் பக்கம், மகன் வருவானா வருவானா என்று ராவு முழுக்கக் கேட்டா. மூன்றாம் முறை நான் எரிந்து விழுந்தேன். பிறகு போய்க் கையைப் பிடித்துக்கொண்டு இரண்டு நிமிடம் நின்றேன், ஆச்சி தூங்கிவிட்டா. பஸ்ஸில் பார்க்கும்போது தெரிகிறது, ஆண்டவர் அந்தக் கட்டிலடியில்தான் மூன்று தரமும் கூப்பிட்டிருக்கிறார். நான் மருந்து ட்ரொலியைத்தான் என் வேலை என்று நினைத்திருக்கிறேன்.

யாயீரின் மகளைப் பார்க்க இயேசு அவசரமாகப் போகும்போது வழியில் ஒரு பெண் வஸ்திரத்தைத் தொடுகிறாள். நின்றுவிடுகிறார். அந்தத் தாமதத்துக்குள் பிள்ளை செத்த செய்தி வருகிறது. அப்படியும் அந்தப் பெண்ணை ஒரு தடங்கலாக அவர் நடத்தவில்லை. இதை நான் வார்டில் ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொள்கிறேன், ஒவ்வொரு நாளும் தவறுகிறேன்.

இன்னொன்று அக்கா, இஞ்ஞாசியார் சொன்னதில் எனக்கு ஆகப் பிரயோசனப்பட்டது: மனம் வறண்டு கிடக்கிற நேரத்தில், வெளிச்சத்தில் எடுத்த முடிவை மாற்றாதே. நான் ஒதுக்கப்பட்டவள் என்ற தீர்ப்பையும் இரவு பத்து மணிக்குக் களைத்துப்போய் எழுதவேண்டாம். அது களைப்பு சொல்கிற தீர்ப்பு.


பாண்டிருப்புத் தம்பி · புதன் மத்தியானம் 1.10

அக்கா, அறிக்கை செய்யாத காரியம் என்று எழுதினதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். எங்கள் கூட்டத்தில் அப்படிச் சொல்லித்தான் பழக்கம், அதைக் கேட்கிறவருக்கு எப்படி இருக்கும் என்று நான் யோசித்ததில்லை. எரேமியா 29 முழுவதையும் இன்றைக்குக் கடையில் இருந்து வாசித்தேன்.

சேர், ஆனால் ஒரு கேள்வி. அடையாளம் கேட்பதே தப்பா? பவுலுக்கு மக்கெதோனியாக்காரன் தரிசனத்தில் வந்தானே?


புளியந்தீவு ஓய்வாசிரியர் · புதன் பின்னேரம் 4.30

தப்பில்லை தம்பி. அப்போஸ்தலர் 16ஐ ஆறாம் வசனத்திலிருந்து வாசியும். தரிசனம் வருவதற்கு முன்னால் பவுல் ஆசியாவில் வசனம் சொல்லப் பார்த்தார், தடை. பித்தினியாவுக்குப் போகப் பார்த்தார், அதுவும் தடை. தடைபட்ட இரண்டு பயணத்துக்குப் பிறகு துரோவாவுக்கு வந்து நிற்கிறபோதுதான் தரிசனம். அவர் வீட்டில் இருந்துகொண்டு அடையாளம் கேட்கவில்லை, நடந்துகொண்டிருந்தார், அடைபட்டால் திரும்பினார். அதுவும் பிலிப்பியில் போய் முதலில் சந்தித்தது மக்கெதோனியாக்காரனை அல்ல, ஆற்றோரம் ஜெபம் பண்ண வந்திருந்த பெண்களை. தரிசனத்தில் கண்டவனைத்தான் தேடுவேன் என்று நின்றிருந்தால் லீதியாளை விட்டிருப்பார்.


கல்லடிக்கரை · சனி இரவு 9.05

எல்லோருடைய பதிலையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். பேச்சு இன்னும் தெளிவாக வராது, ஆனால் எல்லாம் விளங்கும். வட்டைக்காவல் அண்ணன் எழுதினதைக் கேட்டதும் இடது கையால் என்னைத் தட்டி, கேள் என்றா. அது தெளிவாகவே வந்தது.

அண்ணனுக்கு அழைத்துச் சொன்னேன். அழுதுவிட்டேன், அவனும் அழுதுவிட்டான், நீ சமாளிக்கிறாய் என்றுதானே எப்போதும் சொன்னாய் என்றான். உண்மைதான், அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அடுத்த மாதத்திலிருந்து காசு போடுகிறேன் என்றிருக்கிறான். பெண்கள் ஐக்கியத்தில் இன்னும் கேட்கவில்லை. கேட்க வெட்கமாக இருக்கிறது. நாளைக்கு ஆராதனை முடியக் கேட்பேன்.

தாதித் தங்கச்சி சொன்ன பத்து நிமிடத்தை மூன்று இரவு செய்து பார்த்தேன். முதல் இரவு தூங்கிவிட்டேன். இரண்டாம் இரவு ஒன்று கண்ணில் பட்டது. பின்வளவு வீட்டில் ஒரு பிள்ளை, பதினைந்து வயது, பள்ளிக்குப் போவதை விட்டுவிட்டாள், பின்னேரங்களில் வந்து மெசினுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு வெட்டுத் துணியைப் பொறுக்குவாள். மூன்று மாதமாக வருகிறாள். வேலைக்கு இடைஞ்சல் என்று மனதுக்குள் சலித்துக்கொண்டிருந்தேன், ஒருநாள் வராதே என்றும் சொல்ல இருந்தேன். அந்த இரவு நாளைத் திரும்பப் பார்க்கும்போது, அவள் வந்து இருந்த அரை மணிதான் அன்றைக்கு என் முகம் இளகி இருந்த நேரம் என்று தெரிந்தது. அவளுக்குக் கணக்கு ஓடாது, அதனால்தான் விட்டாளாம். நேற்று துணியை அளந்து காட்டி, இரண்டேகால் மீற்றரில் எத்தனை சட்டை வரும் என்று கேட்டேன். விரலில் எண்ணிச் சரியாகச் சொன்னாள்.

இதுதான் எனக்கு வந்த நோக்கம் என்று நான் சொல்லவில்லை. நாவலடி அண்ணன் எழுதினதை வாசித்த பிறகு அந்தச் சொல்லை எடுக்கவே பயமாக இருக்கிறது. அண்ணன், உங்கள் தங்கச்சியின் நத்தார்ச் சட்டையைப் பற்றி எழுதியிருந்தீங்கள். நான் தைக்கிற ஆள், அது என் மனதை விட்டுப் போகவில்லை. என்ன நிறம் என்று கேட்கலாமா?

அந்த வரியை இன்னும் முழுதாகச் சொல்ல வரவில்லை. ‘உமக்காக’ என்ற சொல்லை மட்டும் சொல்லிப் பார்க்கிறேன்.


நாவலடி_04 · சனி இரவு 9.50

மஞ்சள். கழுத்தில் வெள்ளை லேஸ்.

யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லை அக்கா.


வட்டைக்காவல் · சனி இரவு 11.15

தங்கச்சி, நாளைக்குக் கட்டாயம் கேளுங்கள், வெட்கப்படவேண்டாம். என்ர பேத்திக்கும் இரண்டு சீருடை தைக்கவேணும், துணி கிடக்குது. செவ்வாய்க்கிழமை பாலம் தாண்டி டவுனுக்கு வாறேன், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வந்தால் அளவு எடுப்பீங்களா?